கொரியாவின் இரண்டு வாசல்கள்: மணவிசாவும் உழைக்கும் உரிமையும்

நான்கு ஆண்டு பத்து மாதம். தென் கொரியாவின் ஆலைகளிலும் பண்ணைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் வேலை செய்ய இ-9 விசாவில் செல்லும் ஒருவர் ஒரே மூச்சில் தங்கக்கூடிய காலம் அவ்வளவுதான். முதலில் மூன்று ஆண்டு கிடைக்கும். முதலாளி கேட்டுக்கொண்டால் இன்னும் ஓர் ஆண்டு பத்து மாதம் நீளும். முழுதாக ஐந்து ஆண்டாகக் கொடுத்தால் என்ன? கொரியக் குடியுரிமைச் சட்டத்தின் பொது விதிக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு இரண்டு மாதம் முன்பாகவே தொழிலாளியை விமானம் ஏற்றிவிடும்படி கணக்குப் போடப்பட்டிருக்கிறது. 2004 ஆகஸ்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் முதலில் சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியா இன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. இ-9 தொழிலாளி மனைவி மக்களை அழைத்துச் செல்ல முடியாது. நினைத்தபடி முதலாளியை மாற்றவும் முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களுக்கு மட்டுமே, அதுவும் முதல் மூன்று ஆண்டில் எண்ணி மூன்று முறைதான். இந்தத் தடை செல்லும் என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமே 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

அதே ஆலையில், அதே இயந்திரத்தின் முன், யாரிடமும் அனுமதி கேட்காமல் வேலைக்குச் சேரும் வெளிநாட்டினரும் இருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் மறுநாளே அவர்கள் வேறிடம் போகலாம். பெட்டிக்கடை திறக்கலாம், ஆசிரியராகலாம், ஒன்றும் செய்யாமல் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் கொரியரை மணந்தவர்கள். விசாவின் பெயர் எஃப்-6. இன்று கொரியாவில் இப்படி மணவழியில் வந்து வெளிநாட்டவராகவே வாழ்பவர்கள் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் பெண்கள். சீனா, வியட்நாம், ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே மிகுதி.

நிரந்தர வசிப்புரிமை இல்லாத ஒரு வெளிநாட்டவருக்குக் கொரியா தரும் உழைப்புச் சுதந்திரங்களில் இதைவிட விரிந்தது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் தொழிலாளி என்ற முறையில் தரப்பட்டதல்ல. மருமகள் என்ற முறையில், கொரியக் குழந்தைகளின் தாய் என்ற முறையில் தரப்பட்டது. குடும்பம் நிற்கும்வரை உரிமையும் நிற்கும். குடும்பம் உடைந்தால் தங்கும் உரிமையும் அதோடு உழைக்கும் உரிமையும் சேர்ந்தே ஆட்டம் காணும். முப்பது ஆண்டுகளாகக் கொரியச் சட்டமும் நீதிமன்றங்களும் இந்த முடிச்சைத் தளர்த்தப் பார்க்கின்றன. பாதிதான் தளர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

முடிச்சு விழுந்த இடம் பழையது. 1948 டிசம்பரில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தந்தைவழிச் சட்டம். கொரிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண், மணந்ததாலேயே கொரியக் குடிமகளானாள். கொரியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைக்கும் தாயின் குடியுரிமை வராது. பெண் புகுந்த வீட்டுக்குச் சொந்தம், பிள்ளை தகப்பன் வீட்டுக்குச் சொந்தம் என்ற கணக்கு. குடும்பத் தலைவர் என்று ஓர் ஆணின் பெயரின்கீழ் எல்லாரையும் பதிவு செய்யும் ஹோஜு முறைக்கு இது இயல்பான துணை. அந்த ஹோஜு முறை ஒழிந்தது 2008 சனவரியில்தான்.

1990களில் இந்தச் சட்டம் கடித்தது யாரை என்று பார்த்தால், நம் பக்கத்து ஆட்களையும்தான். தொழிற்பயிற்சி என்ற பெயரில் கொரியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகளின் இளைஞர்கள் சிலர் அங்கேயே கொரியப் பெண்களைக் காதலித்து மணந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது எஃப்-1 என்னும், உறவினரோடு தங்கிப்போகும் விசா. வேலை செய்யக் கூடாது. மனைவி சம்பாதிக்க, கணவன் சட்டப்படி சும்மா இருக்க வேண்டும். இல்லையென்றால் திருட்டுத்தனமாக வேலைக்குப் போய்ப் பிடிபட வேண்டும். குடும்பத்தைக் காப்பவன் ஆண் என்று சாதித்த அதே சட்டம், ஒரு வகை ஆணுக்கு மட்டும் அந்தக் கடமையைச் செய்யத் தடை விதித்தது. ஏனென்றால் அவனுடைய குடும்பத்தைச் சட்டம் கொரியக் குடும்பமாகவே எண்ணவில்லை. தங்கள் கணவன்மாருக்காக முதலில் குரல் எழுப்பியவர்கள் அந்தக் கொரிய மனைவிகள். இன்றைய எஃப்-6 விசாவின் வரலாற்றில் அவர்கள் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

1998 சூன் 14 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டைக் களைந்தது. தாயோ தந்தையோ ஒருவர் கொரியராக இருந்தால் பிள்ளை கொரியர் என்றாயிற்று. பழைய பிள்ளைகளுக்காகச் செய்த இடைக்கால ஏற்பாடு பத்து வயதுக்கு உட்பட்டவர்களோடு நின்றது. அது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வர, வரம்பு இருபது வயதாக உயர்ந்தது. ஐ.நா.வின் பெண்கள் உரிமை உடன்படிக்கையில் குடியுரிமைப் பிரிவை ஏற்காமல் ஒதுக்கி வைத்திருந்த கொரியா, 1999-ல் அந்த ஒதுக்கலைத் திரும்பப் பெற்றது.

இந்தச் சமத்துவம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கணவர்களை மனைவிகளின் உயரத்துக்கு ஏற்றவில்லை. மனைவிகளைக் கணவர்களின் மட்டத்துக்கு இறக்கினார்கள். மணந்தவுடன் கிடைத்த குடியுரிமை போய்விட்டது. இனி யாராக இருந்தாலும் திருமண நிலையில் இரண்டு ஆண்டு கொரியாவில் வசிக்க வேண்டும்; அல்லது மணமாகி மூன்று ஆண்டு கடந்து, அதில் ஓர் ஆண்டாவது அங்கே வசித்திருக்க வேண்டும். அதன் பிறகே எளிய வழிக் குடியுரிமைக்கு மனு. 1992-ல் சீனாவோடு தூதரக உறவு ஏற்பட்டபின், வடகிழக்குச் சீனாவில் வாழும் கொரிய வம்சாவளிப் பெண்கள் ஏராளமாக மணமகளாக வந்தனர். போலித் திருமணம் பற்றிய அச்சமும் கூடவே வந்தது. சமத்துவத் திருத்தத்துக்குள் அந்த அச்சமும் சேர்த்து நெய்யப்பட்டது. விளைவாக, அந்த இரண்டு ஆண்டுக்கும் மனைவி என்பவள் விசாவில் வாழும் அந்நியர் ஆனாள். எஃப்-2 என்னும் வசிப்பு விசாவில் தங்கினாள். வேலைக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. தனி அனுமதியின்றி உழைக்கலாம் என்ற நிலை 2002-ல்தான் வந்தது. நிரந்தர வசிப்புக்கான எஃப்-5 விசா பிறந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் 2011 டிசம்பரில், மணந்து வந்தோரை மற்ற எஃப்-2 காரர்களிடமிருந்து பிரித்து எஃப்-6 என்ற தனி வகை உண்டாக்கினார்கள்.

இதற்கிடையில் எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. 2005-ல் கொரியாவில் நடந்த திருமணங்களில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிநாட்டவரோடு நடந்தவை. ஏழில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டுகளில் மணமுடித்த உழவர், மீனவ ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தார். ஊர்ப்பெண்கள் படித்து சியோலுக்கும் பூசானுக்கும் போய்விட்டார்கள். நிலத்தோடும் வயதான பெற்றோரோடும் தங்கிவிட்ட மூத்த மகன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. மாவட்ட நிர்வாகங்கள் உள்ளூர் விதியே இயற்றி, கிராமத்து இளைஞர் வெளிநாடு சென்று பெண் பார்த்துவர மானியம் கொடுத்தன. சாலையோரங்களில் திருமணத் தரகர்கள் பதாகை கட்டினார்கள். வியட்நாம் பெண்கள் ஓடிப்போக மாட்டார்கள் என்பது அவற்றில் ஒரு விளம்பர வாசகம். மாட்டுத் தரகுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

தரகர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2008-ல் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டில் பல்பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டமும் வந்தது. நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆதரவு மையங்கள், இலவச மொழி வகுப்பு, பிரசவகால உதவி என்று வாரி வழங்கிய சட்டம் அது. ஆனால் யாருக்கு? சட்டத்தின் வரையறைப்படி, குடும்பத்தில் ஒருவராவது கொரியக் குடிமகனாக இருந்தால்தான் அது பல்பண்பாட்டுக் குடும்பம். இரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மணந்து கொரியாவிலேயே பிள்ளை பெற்றால், அந்தக் குடும்பம் எத்தனை பண்பாடு கலந்ததாக இருந்தாலும் கணக்கில் வராது. 2020-ல் கொரோனா நிவாரணத் தொகை கொடுத்தபோதும் இதே தராசுதான்: வெளிநாட்டவரில் மணந்து வந்தோருக்கும் நிரந்தர வசிப்போருக்கும் உண்டு, மற்றவருக்கு இல்லை. அகதிகளை விலக்கியது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று 2024 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்தத் தராசு கொஞ்சம் அசைந்தது.

2010 சூலையில் பூசானில் ஒரு கொலை நடந்தது. இருபது வயது வியட்நாம் பெண், கொரியாவில் கால் வைத்த எட்டாம் நாள், கணவனால் கொல்லப்பட்டார். அவன் நெடுநாள் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவன். தரகர் அதைச் சொல்லவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், ஒரே கொரிய ஆணுக்கு முன்னால் 25 பெண்களை வரிசையில் நிறுத்திய தரகர் வழக்குக்குப் பிறகு, கம்போடியா தன் பெண்கள் கொரியர்களை மணப்பதைச் சில காலம் நிறுத்தி வைத்திருந்தது. கொரிய அரசு இப்போதுதான் அழைப்பவர் பக்கம் திரும்பிப் பார்த்தது. 2011 முதல், சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து ஆகிய ஏழு நாடுகளிலிருந்து மனைவியை அல்லது கணவனை அழைக்கும் கொரியர் ஒரு வழிகாட்டு வகுப்பில் உட்கார்ந்து சான்று பெற வேண்டும். இந்தியாவும் இலங்கையும் இந்த ஏழில் இல்லை. தரகர் சட்டம் திருத்தப்பட்டு, இரு தரப்பின் உடல்நலம், குற்றப் பின்னணி, வருமானம் ஆகியவற்றை மொழிபெயர்த்துக் கொடுப்பது கட்டாயமாயிற்று. பெண்களைக் கூட்டமாக நிறுத்திக் காட்டுவதும், பதினெட்டு வயது நிரம்பாதவரை அறிமுகம் செய்வதும் குற்றமாயின.

2014 ஏப்ரல் 1 முதல் விசா விதியே இறுகியது. இன்று எஃப்-6 கேட்டு விண்ணப்பிக்கும் யாரும் கடக்க வேண்டிய வாயில் அடிப்படையில் அந்த நாளில் கட்டப்பட்டதுதான். அழைக்கும் கொரியருக்கு வருமானம் வேண்டும், இருக்கத்தக்க வீடு வேண்டும். விடுதி அறையும் ஒற்றைக் கட்டில் அறையும் செல்லாது. ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறைதான் வெளிநாட்டுத் துணையை அழைக்கலாம். வரும் துணைக்கு ஆரம்ப நிலைக் கொரிய மொழி தெரிய வேண்டும். டாபிக் என்னும் கொரிய மொழித் தேர்வில் முதல் நிலையோ, குறிப்பிட்ட நிறுவனத்தில் முடித்த வகுப்போ சான்றாகும். தம்பதிக்குப் பொதுவான இன்னொரு மொழி உண்டு என்று காட்டினாலும் விலக்குக் கிடைக்க வழியுண்டு. இருவருக்கும் பிறந்த குழந்தை இருந்தால் வருமானம், மொழி இரண்டும் தளர்கின்றன. மறுக்கப்பட்டால் ஆறு மாதம் காத்திருந்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

வருமான நிபந்தனையைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். 2014-ல் இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் வொன் என்று வைத்தார்கள். 2024-ல் அது ஏறத்தாழ 2 கோடியே 21 லட்சம். நம் பணத்தில் 13 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9,860 வொன். ஆண்டு முழுதும் முழுநேரம் உழைப்பவருக்கு 2 கோடியே 47 லட்சம் வரும். ஆக, கூலித் தொழிலாளி ஒருவர் எளிதில் தாண்டிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் உடன் வாழும் தாயும் குடும்பக் கணக்கில் சேர்வார். மூன்று பேர் என்றால் வரம்பு 2 கோடியே 82 லட்சத்தைத் தாண்டுகிறது; அதே கூலிக்காரர் இப்போது தோற்றுப்போகிறார். வயதான தாயோடு கிராமத்தில் தங்கியிருக்கும் மகனுக்குத்தான் இந்தத் திருமணங்கள் முதலில் தேவைப்பட்டன என்பதை நினைத்தால், விதி யாரை வடிகட்டுகிறது என்பது புரியும். உடன் வாழும் உறவினரின் வருமானத்தைக் கூட்டிக் காட்டலாம். சொத்து மதிப்பில் 5 விழுக்காட்டை வருமானமாக எண்ணவும் இடமுண்டு. இதெல்லாம் ஆவணம் சேர்க்கத் தெரிந்தவருக்கு. வறுமையில் தள்ளப்படாமல் மணமகளைக் காக்கவே இந்த வரம்பு என்கிறது நீதி அமைச்சகம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் மனைவியைக் காப்பதற்கு அரசு கண்ட வழி, கணவனின் வருமானத்தை அளப்பது. அவள் வந்தபின் தானே உழைத்துச் சம்பாதிப்பாள் என்ற எண்ணம் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. வேலை செய்யும் உரிமையை வாரிக் கொடுத்த அதே விதி, அவளைக் கணவன் சம்பளத்தில் வாழப்போகிறவளாகவே எடைபோடுகிறது.

வந்து 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை பெற வேண்டும். தங்கும் காலம் பெரும்பாலும் முதலில் ஓர் ஆண்டு. பிறகு நீட்டிக்க நீட்டிக்க, ஒரு தடவைக்கு மூன்று ஆண்டு வரை. அட்டை கைக்கு வந்துவிட்டால் வேலைக்குத் தனித் தாள் எதுவும் வேண்டாம். குடிவரவுச் சட்டத்தின் நடைமுறை ஆணையில் 23-ஆம் பிரிவு எஃப்-6 காரருக்கு வேலை வகை, இடம், முதலாளி என எந்த வேலியும் போடவில்லை. குறைந்தபட்சக் கூலி, ஓய்வுத் தொகை, விபத்துக் காப்பீடு எல்லாம் கொரியருக்கு உள்ளபடியே. மற்ற வெளிநாட்டவரில் பலர் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எஃப்-6 காரருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

தாளில் இவ்வளவும் இருக்க, நடப்பு வேறு. சொந்த நாட்டில் படித்த படிப்புக்குக் கொரியாவில் மதிப்பு அரிது. அரசு நடத்தும் பல்பண்பாட்டுக் குடும்ப ஆய்வுகளில், எளிய உடலுழைப்பு வேலைகளில் இவர்களின் பங்கு கொரியரைவிட மிக அதிகம் என்பது திரும்பத் திரும்ப வரும் செய்தி. படித்த பெண்களுக்குக் கௌரவமான வேலையாகத் தெரிவது ஆதரவு மையங்களில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்கும் உடன் வேலை பார்க்கும் கொரியரைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்று அவர்கள் போராட வேண்டியிருந்தது.

சம்பளம் என்ற பேச்சே எழாத வேலை இன்னொன்று உண்டு. கணவன் வீட்டு வயல், மாமியார் வீட்டுக் கடை, மாமனார் நடத்தும் கோழிப்பண்ணை. விடியற்காலை தொடங்கி உழைத்தாலும் இதற்குக் கணக்கு இல்லை. கொரிய உழைப்புத் தரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஒரே வீட்டில் வாழும் உறவினரை மட்டும் வைத்து நடத்தும் தொழிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. எந்த ஆலையிலும் சேரும் உரிமையோடு வந்த பெண், சொந்த வீட்டு வயலில் தொழிலாளியாகவே கருதப்படுவதில்லை. கொரியப் பெண்களுக்கும் இதே நிலைதான் என்று வாதிடலாம். ஆனால் அவர்கள் பிறந்த வீட்டுக்குப் பேருந்தில் போய்விட முடியும்.

மாமியாரின் கடை ஒன்றுதான் இந்தத் துறையின் மிக முக்கியமான தீர்ப்புக்கும் பின்னணி. 2015-ல் கொரியரை மணந்து வந்த ஒரு வியட்நாம் பெண். மாமியார் நடத்திய சிறு கடையில் வேலை செய்துவந்தார், கரு கலைந்தது. மணவாழ்வு குலைந்தது. 2017-ல் குடும்ப நீதிமன்றம் மணமுறிவு தந்தது. முதன்மையான பொறுப்பு கணவனுடையது என்றும் சொன்னது. எஃப்-6 விசாவில் மூன்று உட்பிரிவுகள் உண்டு. முதலாவது, மணவாழ்வில் இருப்போருக்கு. இரண்டாவது, கொரியருக்குப் பிறந்த குழந்தையை வளர்ப்போருக்கு. மூன்றாவது, துணை இறந்தோ காணாமலோ போனதால், அல்லது தன் மேல் தவறில்லாத காரணத்தால் மணவாழ்வைத் தொடர முடியாதவருக்கு. அந்தப் பெண் மூன்றாவதைக் கேட்டார். குடிவரவு அலுவலகம் மறுத்தது. கணவன் மீதே முழுத் தவறும் என்று நிறுவினால்தான் தருவோம் என்பது அவர்கள் நிலை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அலுவலகத்தின் பக்கமே நின்றன.

2019 சூலை 4-ல் உச்ச நீதிமன்றம் இதைப் புரட்டிப்போட்டது. முழுத் தவறும் எதிராளியுடையதாக இருக்க வேண்டியதில்லை. முதன்மையான பொறுப்பு அவருடையது என்றால் போதும். எந்தத் திருமணத்திலும் ஒரு பக்கம் நூற்றுக்கு நூறு குற்றமற்றதாக இருப்பது அரிது. முழுத் தவறைக் கோரினால், கொடுமைக்கு ஆளான வெளிநாட்டுப் பெண் மணமுறிவு கேட்கவே அஞ்சுவாள். அந்த அச்சத்தைக் கொரியக் கணவன் ஆயுதமாக்குவான். குடும்ப நீதிமன்றம் ஆராய்ந்து சொன்னதை அலுவலகம் மதிக்க வேண்டும். அதற்கு மாறாகச் சொல்ல விரும்பினால் நிரூபிக்கும் சுமை அலுவலகத்தின் மேல். மொழியும் தெரியாத, ஆதாரம் சேர்க்க ஆளும் இல்லாத பெண்ணின் மேல் அல்ல. கொரியக் குடிவரவு வழக்குகளில் இவ்வளவு தெளிவாகப் பேசிய தீர்ப்புகள் குறைவு.

அந்தத் தீர்ப்பு வந்த சில நாட்களில், தெற்கு ஜொல்லா மாநிலத்தில் உள்ள யோங்ஆமில், ஒரு கொரியக் கணவன் தன் வியட்நாம் மனைவியைச் சிறு குழந்தையின் முன்னால் அடித்து உதைக்கும் காணொளி நாடு முழுவதும் பரவியது. அதற்கு முன்பே எண்கள் இருந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் 2017-ல் 920 பெண்களிடம் எடுத்த ஆய்வில் 42.1 விழுக்காட்டினர் வீட்டு வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். எண் அசைக்காததைக் காணொளி அசைத்தது. 2020 முதல், வீட்டு வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வெளிநாட்டுத் துணையை அழைக்க முடியாதபடி விதி திருத்தப்பட்டது. 2011-லேயே இரண்டு நல்ல மாற்றங்கள் நடந்திருந்தன. வன்முறைக்கு ஆளானவர் வழக்கு முடியும்வரை தங்கலாம் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். விசா நீட்டிப்புக்கு ஒவ்வொரு முறையும் கணவனின் உத்தரவாதப் பத்திரம் வேண்டும் என்றிருந்ததையும் நீக்கினார்கள். அதற்கு முன்பு, சண்டை முற்றினால் கணவன் செய்ய வேண்டியதெல்லாம் கையொப்பமிட மறுப்பதுதான்.

தீர்ப்புக்குப் பிறகும் முடிச்சு எங்கே இறுகுகிறது என்பதை வழக்கறிஞர்களின் அறிவுரையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். இருவரும் ஒப்பிப் பிரியும் மணமுறிவில் கையொப்பமிடாதீர்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் சொல். ஒப்பிப் பிரிந்தால் யார் மேல் தவறு என்று சொல்லும் தீர்ப்பு கையில் இருக்காது. மூன்றாவது உட்பிரிவுக்கு ஆதாரமும் இருக்காது. ஆக, சண்டையின்றிப் பிரிய விரும்பும் பெண்ணையும் விசா நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்கிறது. இரண்டாவது உட்பிரிவிலோ, உரிமை குழந்தையின் வயதோடு தேய்கிறது. பிள்ளை பெரியவனானதும் அடிப்படை போய்விடும். தனியாக நின்று கொரியக் குடிமகனை வளர்த்து ஆளாக்கிய தாய், அந்த வேலை முடிந்ததும் நெடுங்காலமாக எஃப்-1 விசாவுக்குத்தான் மாற வேண்டியிருந்தது. 1990களின் வெளிநாட்டுக் கணவர்கள் சிக்கிய அதே எஃப்-1.

இதனால்தான் இந்தப் பெண்கள் குடியுரிமையை நோக்கி இவ்வளவு விரைகிறார்கள். அது பேராசை என்றும் ஏமாற்று என்றும் கொரிய இணையத்தில் ஓயாது ஏசுவார்கள். பிலிப்பைன்ஸில் பிறந்து, கொரியரை மணந்து, 2012-ல் நாடாளுமன்ற உறுப்பினரான ஜாஸ்மின் லீகூட அந்த ஏச்சிலிருந்து தப்பவில்லை. ஆனால் கணவனோ குழந்தையோ வழக்கோ தேவைப்படாத ஒரே உரிமை குடியுரிமைதான். 2011 சனவரி முதல், மணவழியில் குடியுரிமை பெறுவோர் கொரியாவுக்குள் தம் பழைய குடியுரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இந்தியருக்கு இந்தச் சலுகையால் பயனில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே அற்றுப்போகும் என்பது நம் சட்டம். குடியுரிமை வேண்டாம் என்போர் எஃப்-5 பெறலாம். அதைப் பெற்று மூன்று ஆண்டு ஆனவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆசியாவில் 2006-லேயே இதைச் செய்த நாடு என்ற பெருமை கொரியாவுக்கு உண்டு. ஆனால் குடியிருப்பாளர் பதிவுத் தாளில் வெளிநாட்டு மனைவியின் பெயரை இயல்பாகச் சேர்த்தது 2018 மார்ச்சில்தான். அதுவரை அந்தத் தாளைக் காட்டினால், பிள்ளை தாயில்லாப் பிள்ளையாகத்தான் தெரியும்.

ஒருபால் இணையருக்கு எஃப்-6 இல்லை. கொரியச் சட்டம் அந்தத் திருமணத்தை ஏற்பதில்லை. 2019-ல் நியூசிலாந்துத் தூதர் பிலிப் டர்னரும் அவர் கணவரும் குடியரசுத் தலைவர் மாளிகையின் வரவேற்புக்கு இணையராகவே அழைக்கப்பட்டார்கள். தூதருக்குக் கிடைத்தது, தன் பாலினத்துக் கொரியரை மணந்த சாதாரண வெளிநாட்டவருக்குக் கிடைக்கவில்லை.

2005-ன் அலை அடங்கிவிட்டது. 2023-ல் வெளிநாட்டவரோடு நடந்த திருமணங்கள் ஏறத்தாழ 20 ஆயிரம்; மொத்தத் திருமணங்களும் குறைந்துவிட்டதால் இன்னும் பத்தில் ஒன்று. அந்த ஆண்டு கொரியப் பெண் ஒருவருக்குச் சராசரியாகப் பிறந்த குழந்தைகள் 0.72. மணமகள் தேவை குறைந்து, ஆள் தேவை கூடியது. அதில் மணவிசாவுக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அறுவடைக் காலத்துக்கு மட்டும் வந்துபோகும் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில், மணந்து வந்த பெண் தன் நெருங்கிய உறவினரை அழைக்கலாம். தங்கையும் தம்பியும் அவர்கள் துணைவரும் அக்காள் வாக்கப்பட்ட ஊரில் சில மாதம் ஆப்பிளும் மிளகாயும் பறித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஓடிப்போகாமல் இருக்க அக்காளே பிணை என்று மாவட்ட அலுவலர்கள் இதை விரும்புகிறார்கள். தொழிலாளிக்கென்று சாத்திய வாசலை, மருமகளின் கையில் சாவி கொடுத்துச் சில மாதத்துக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் புள்ளிவிவரத்தின் ஓரத்தில் தெரிகிறது. கொரியப் பெண்கள் மணக்கும் வெளிநாட்டு ஆண்களில், அமெரிக்கருக்கும் சீனருக்கும் அடுத்து வியட்நாமியர் வந்து நிற்கிறார்கள். அந்தக் கொரியப் பெண்களில் பெரும்பாலோர் முன்பு வியட்நாமிலிருந்து மணமகளாக வந்து, குடியுரிமை பெற்று, மணமுறிந்து, சொந்த ஊர் ஆணை இரண்டாவதாக மணந்தவர்கள். மணவழியில் குடியுரிமை பெற்றவர் மூன்று ஆண்டு கழித்தே வெளிநாட்டுத் துணையை அழைக்கலாம் என்று 2014-ல் போட்ட விதி இவர்களை மனத்தில் வைத்துத்தான். பிறவிக் கொரியருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மூன்று ஆண்டு முடிந்ததும் அந்தப் பெண் தன் சம்பளச் சீட்டையும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போகிறார். இம்முறை அழைப்பவர் அவர். வந்து சேரும் கணவர் எஃப்-6 அட்டையோடு எந்த ஆலையிலும் சேரலாம். ஒருவேளை அதே ஆலையில் இ-9 விசாவில் வேலை பார்த்து, நான்கு ஆண்டு பத்து மாதத்தில் ஊருக்கு அனுப்பப்பட்டவராகவும் அவர் இருக்கலாம்.